தாய்மொழிக்கு வரிக்கழிவு யாருக்கு?

(லொசானில் நடந்த எங்கள் கல்வி வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



இன்றைக்கு நான் கதைக்கப் போவது ஒரு ஆரம்பப் பள்ளியைப் பற்றி. பேர் சொல்லமாட்டன், சொல்லத் தேவையும் இல்லை. ஜெனீவாவிலிருந்து மொந்த்ரோ வரைக்கும் ஏரிக்கரையோரமாக ரயிலில் போனால் இப்படிப்பட்ட பள்ளிகள் பல இருக்கு. சுற்றியிருக்கிற ஊர் முழுக்கப் பிரெஞ்சு. கேற்றைத் தாண்டி உள்ளே போனால் இங்கிலாந்துப் பாடத்திட்டம், ஆங்கிலம், யூனிபோம், அசெம்பிளி. படிப்புச் செலவுக்காக இரண்டு வருடமாக, கிழமையில் இரண்டு நாள், அதில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ரீச்சருக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். உள்ளே பார்த்ததையும் வெளியே வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: அங்கே விற்கிற சாமான் என்ன?

'பிரிட்டிஷ் கரிக்குலம்' என்று விளம்பரப் பலகையில் போட்டிருக்கும். அது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம். 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் தாட்சர் அரசாங்கம் கொண்டுவந்தது. ஐந்து வயதிலிருந்து ஏழு வரை முதல் கட்டம், ஏழிலிருந்து பதினொன்று வரை இரண்டாம் கட்டம். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் முதலாம் ஆண்டு முடிவில் எழுத்தொலிச் சோதனை, ஆறாம் ஆண்டு முடிவில் தேசியப் பரீட்சை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சைகள் வேண்டாம் என்று அந்த நாட்டு ஆசிரியர் சங்கமே போராடிக்கொண்டிருக்கு.

இதே கரிக்குலத்தில் எங்கட சொந்தக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கினம் என்று யோசித்துப் பாருங்கோ. 2000-க்குப் பிறகு பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி, நெதர்லாந்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 'பிள்ளையளின்ர இங்கிலிசுக்காக' என்று சொல்லி லண்டனுக்கு இடம் மாறினதை எல்லோரும் அறிவீர்கள். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் இருக்கிற அரசு ஆரம்பப் பள்ளிகளில் இந்தப் படிப்புக்குக் காசு இல்லை. 2014-இலிருந்து இங்கிலாந்து முழுவதும் முதல் மூன்று வகுப்புகளுக்கு மத்தியானச் சாப்பாடும் இலவசம். 2023 செப்டெம்பரிலிருந்து லண்டனின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லா வகுப்புகளுக்கும் இலவசம்.

ஏரிக்கரையில் அதே பாடத்திட்டத்துக்கு, பல பள்ளிகளில், ஒரு பிள்ளைக்கு ஒரு வருடக் கட்டணம் 25,000 பிராங்கைத் தாண்டும். ஜெனீவாவில் 2020 வாக்கெடுப்பில் வென்றெடுத்த குறைந்தபட்சக் கூலி, அந்த நேரம், மணிக்கு 23 பிராங். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கூலியில் 25,000 பிராங் உழைக்க 1,087 மணிநேரம் வேண்டும். கிழமைக்கு 41 மணிநேரப்படி அரை வருடத்துக்கு மேல். அதுவும் வரி, வாடகை, மருத்துவக் காப்புறுதி ஒன்றும் கட்டாமல்.

ஆக, விற்கிறது பாடத்திட்டம் இல்லை. சின்ன வகுப்பு, பக்கத்தில் யார் இருக்கினம் என்கிற உத்தரவாதம், நாளைக்கு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிற வசதி. அதுதான் சாமான்.

இரண்டாவது கேள்வி: யார் காசு கட்டுகிறார்கள்?

'அது பணக்காரரின் சொந்தக் காசு, எங்களுக்கென்ன' என்று கேட்கலாம். முழுக்க அப்படி இல்லை. பல குடும்பங்களுக்குக் கட்டணத்தைக் கொம்பனி கட்டுது. ஐ.நா. வெளிநாட்டிலிருந்து எடுக்கிற ஊழியர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கென்று தனியாகக் கொடுப்பனவு இருக்கு. இதைவிட முக்கியமானது சுவிஸ் அரசாங்கத்தின் ஒரு வரி விதி. 2000-ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வந்தது. கொம்பனி தற்காலிகமாக இங்கே அனுப்புகிற மேலதிகாரிகளுக்கும் சிறப்பு வல்லுநர்களுக்கும் அது பொருந்தும். அவர்களின் பிள்ளைகளுடைய மொழியில் அரசுப் பள்ளி கற்பிக்காவிட்டால், அந்த மொழியில் கற்பிக்கிற தனியார் பள்ளிச் செலவை வரிக்கணக்கில் கழிக்கலாம்.

இதை மெதுவாக இன்னொருமுறை யோசியுங்கோ. 'இந்தப் பிள்ளையின் மொழியில் அரசுப் பள்ளி படிப்பிக்கேல்லை. ஆகவே அதற்கு ஈடு செய்ய வேணும்.' இந்தத் தர்க்கத்தை சுவிஸ் அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கு. நல்ல தர்க்கம். நாங்களும் அதைத்தானே கேட்கிறோம்! ஆனால் அதே அரசுப் பள்ளி தமிழிலும் படிப்பிக்கேல்லை. போர்த்துக்கேய மொழியிலும், அல்பேனிய மொழியிலும், திக்ரிஞ்ஞாவிலும் படிப்பிக்கேல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஈடு? எங்களில் அநேகம் பேருக்குக் கிடைத்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. இரவல் வகுப்பறை, பெற்றோரின் காசு, ஆறு நாள் வேலை முடித்துவிட்டு வந்து படிப்பித்த ஆசிரியர்கள்.

சட்டத்தில் எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. மாநிலங்களின் கல்விப் பொறுப்பாளர்கள் கூடும் மாநாடு 1991-இலேயே ஒரு பரிந்துரை செய்தது: குடிவந்தோர் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு பாடமாவது தாய்மொழிக் கல்வி, முடிந்தால் பள்ளி நேரத்துக்குள்ளேயே. 2009-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி ஒப்பந்தமும் இந்த வகுப்புகளுக்கு ஒழுங்கமைப்பு ரீதியான ஆதரவு கொடுக்கச் சொல்லுது. ஒழுங்கமைப்பு ரீதியான ஆதரவு என்றால் வகுப்பறை தரலாம், தகவல் தரலாம். ஆசிரியருக்குச் சம்பளம் கொடு என்று அதில் இல்லை. மேலதிகாரியின் பிள்ளைக்கு மொழி என்பது வரிக்கழிவு. தொழிலாளியின் பிள்ளைக்கு அது ஒரு பரிந்துரை.

இப்போ நான் உள்ளே பார்த்த ஒரு விசயம். எனக்குப் பிரெஞ்சு எப்பவும் அதிகாரத்தின் மொழி. ரீச்சரின் மொழி, கொமூன் கந்தோரின் மொழி, பத்து வயதில் அப்பாவுக்காக நான் வாசித்து விளங்கப்படுத்திய கடிதங்களின் மொழி. அந்தப் பள்ளியில் பிரெஞ்சு அப்படி இல்லை. அங்கே அது நேர அட்டவணையில் ஒரு பாடம். வகுப்புக்கு வெளியே அதைப் பேசுகிறவர்கள் கன்ரீனில் சோறு போடுகிறவரும், பஸ் ஓட்டுகிறவரும், பின்னேரம் வந்து துடைக்கிறவர்களும்தான். ஏழு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டது: "நீங்கள் கன்ரீனிலும் வேலை செய்யிறீங்களா?" குறும்பாகக் கேட்கவில்லை. பிரெஞ்சு கதைக்கிற ஆளை அது வேறெங்கே பார்த்திருக்கு?

பின்னேரம் ஐந்து மணிக்குத் துப்பரவுக் கொம்பனி ஆட்கள் வருவினம். அதில் ஒரு தமிழ் அன்ரி. இருபது வருடமாக இந்த வேலைதான். பிரெஞ்சைவிடப் போர்த்துக்கேயம் அவவுக்கு நல்லா ஓடும், கூட வேலை செய்கிறவர்களிடம் பழகினது. தமிழ், கொஞ்சம் சிங்களம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் என்று நாலு மொழி. பள்ளியின் விளம்பரத்தில் 'பன்மொழிச் சமூகம்' என்று எழுதியிருக்கு. அந்தச் சமூகத்தில் அன்ரியை ஒருத்தரும் எண்ணுவதில்லை.

அந்தப் பிள்ளைகள் எங்கட எதிரிகள் இல்லை, அதையும் சொல்லவேணும். மூன்று நாடு மாறி, ஒவ்வொரு முறையும் சிநேகிதரைத் தொலைத்த பிள்ளைகளும் இருக்கினம். நல்ல ஆசிரியர்கள் இருக்கினம். நான் பேசுவது பிள்ளைகளைப் பற்றி இல்லை, ஒழுங்கைப் பற்றி.

இந்த ஒழுங்குக்கு வயது நூறுக்கு மேல். 1924-இல் ஜெனீவாவில், தேசங்களின் சங்கத்திலும் உலகத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கியது. பிறகு வந்த காலத்தில் இதே நாட்டில், பருவகால விசாவில் வந்த இத்தாலிய, ஸ்பானிய, போர்த்துக்கேயத் தொழிலாளர்களுக்கு வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும் இருக்க அனுமதி, குடும்பத்தைக் கூட்டிவரத் தடை. கூட்டிவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வளர்த்தார்கள். 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று இன்றைக்கும் சொல்வார்கள். சத்தம் போடாதே, ஜன்னலுக்குக் கிட்டப் போகாதே. அந்த விசா 2002-இல்தான் ஒழிந்தது. ஒரே நாட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு அவர்களின் மொழியிலேயே பள்ளி, இன்னொரு பகுதிக்கு அலுமாரி. எங்கட அப்பா அம்மா வந்தது இந்த நாட்டுக்குத்தான்.

இன்றைக்கு அலுமாரி இல்லை, சல்லடை இருக்கு. வோ மாநிலத்தில் எட்டாம் ஆண்டு முடிவில், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதளவில், பிரிக்கிறார்கள். ஒரு பாதை பல்கலைக்கழகம் பக்கம், மற்றது தொழிற்பயிற்சி பக்கம். தொழிற்பயிற்சி கேவலம் என்று நான் சொல்லவில்லை. யாரின் பிள்ளை எந்தப் பக்கம் போகுது என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு, கணிதம், ஜெர்மன் புள்ளிகளும் மாநிலப் பரீட்சையும் அங்கே பார்க்கப்படும். வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைக்கு அந்த மூன்றில் இரண்டு அந்நிய மொழி. அது வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழிக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஏரிக்கரைப் பள்ளிப் பிள்ளை இந்தச் சல்லடைக்குக் கிட்டவே வராது.

அப்ப என்ன செய்வது?

'எங்கட கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அங்கே ஸ்கொலர்சிப் எடுத்துக் குடுப்பம்' என்று ஒரு யோசனை போனமுறை வந்தது. நான் அதற்கு எதிர். இரண்டு பேர் ஏறிப் போவதால் ஏணி மாறாது. அந்தப் பள்ளி எங்களுக்கு வேண்டாம். அதற்குள்ளே இருக்கிற மூன்று நல்ல விசயங்களை அரசுப் பள்ளிக்கு இழுத்து வரவேணும்: சின்ன வகுப்பு, பிள்ளையின் மொழிக்கு மதிப்பு, பன்னிரண்டு வயதில் தரம் பிரிக்காமை.

மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, 1991 பரிந்துரையைக் கையில் எடுத்து, தாய்மொழி வகுப்பு பள்ளி நேரத்துக்குள், பொதுக் காசில் வேணும் என்று கேட்பது. தமிழர் தனியாக இல்லை, போர்த்துக்கேய, அல்பேனிய, எரித்திரியப் பெற்றோரோடு சேர்ந்து. இரண்டு, ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பள்ளிச் சந்திப்புக்குப் போகும்போது எங்களில் ஒருவர் கூடப் போவது. மொழிபெயர்க்க மட்டும் இல்லை, திருப்பிக் கேள்வி கேட்க. பத்து வயதுப் பிள்ளை தன் சந்திப்புக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக இருக்கக்கூடாது. மூன்று, அந்தப் பள்ளிகளைத் துடைக்கிறவர்கள் எங்கட ஆட்கள். துப்பரவுத் துறையில் வேலை செய்யும் உனியா தொழிற்சங்கத்தோடு கதைத்து, தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் உரிமைத் துண்டுப்பிரசுரம் போடுவது. அன்ரியிடம் கேட்டேன். "எழுதித் தாங்கோ, நான் குடுக்கிறன்" என்றா.

எட்டாம் ஆண்டுப் பெற்றோருக்கான பட்டியலை இன்றைக்கே தொடங்குவோம். தாள் மேசையில் இருக்கு. பேரும், எந்தக் கிழமை நேரம் இருக்கு என்பதையும் எழுதிவிட்டுப் போங்கோ.