இலையை மூடத் தெரியணும்!

(தலைப்பு: ஒப்பந்தம் முடிந்தால் புத்திசாலித்தனம் எது? புதுப்பிப்பதா, விடைபெறுவதா? ‘விடைபெறுவதே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “வீடு தேடி வந்த லட்சுமியை எட்டி உதைக்கலாமா?”ன்னு கேட்டுட்டுப் போனாங்க. நான் கேட்கிறேன், அந்த லட்சுமிக்குத் தேதி போட்டது யாரு? ‘மார்ச் 31 வரைக்கும்’னு எழுதினது கம்பெனிதானே! அந்தத் தேதியில அவங்க நம்மை வேண்டாம்னா, அதுக்குப் பேரு நிர்வாகம். அதே தேதியில நாம கும்பிடு போட்டா மட்டும் நன்றிகெட்டதனமா? (கைதட்டல்)

ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவருக்கு என்ன இருக்கு? சம்பளத்தோட லீவு கிடையாது. பி.எஃப். கிடையாது. அவர் காய்ச்சல்ல படுத்தா, வருமானமும் கூடவே படுத்துக்கும். (சிரிப்பு) இருக்கிற ஒரே சொத்து சுதந்திரம். அதையும் பழக்கதோஷத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா மிச்சம் என்ன?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறாள். ஒரே கம்பெனிக்கு மூணு வருஷம். பக்கத்துக்குக் கூலி ஏறவே இல்லை. பக்கம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும், “காலையில வேணும்மா!” நல்ல வேலை வேறு தேடி வந்தா, நேரமில்லைன்னு இவளே திருப்பி அனுப்பினாள். ஒருநாள் குழந்தை கேட்டுச்சாம், “அம்மா, நீ வீட்லதானே இருக்கே, ஏன் என்கூட இல்லே?” இந்தக் கேள்விக்கு எந்தக் கம்பெனி பில் கட்டும், நடுவர் அவர்களே?

‘கான் வித் த விண்ட்’ படத்துல நடிச்ச ஒலிவியா டி ஹாவிலண்ட் ஃப்ரீலான்ஸ் இல்லை. வார்னர் பிரதர்ஸுக்கு ஏழு வருஷ ஒப்பந்த நடிகை. காலம் முடிஞ்சுது, கிளம்பினாங்க. ‘சஸ்பெண்ட் ஆகியிருந்த நாளையும் கூட்டு’ன்னு மடக்கினது ஸ்டூடியோ. அம்மா கோர்ட்டுக்குப் போனாங்க. ஏழு வருஷம்னா காலண்டர்ல ஏழு வருஷம்தான்னு 1944-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க வாங்கினது ரெண்டு ஆஸ்கர்! விடைபெற்றதால கெட்டா போனாங்க? (கைதட்டல்)

“எல்லாம் சரி, அடுப்பு எரிய வேண்டாமா?” நியாயமான கேள்வி. பதிலுக்கு வள்ளுவரைக் கூப்பிடறேன். வலியறிதல், காலமறிதல், இடனறிதல்னு மூணு அதிகாரத்தை அடுத்தடுத்து வெச்சாரே, சும்மாவா?

முதல்ல வலி. கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருக்கா? இல்லையா, இந்த வருஷம் புதுப்பிச்சுக்க. இன்னைக்கே சேர்க்க ஆரம்பி.

ரெண்டாவது காலம். சில ஒப்பந்தங்கள்ல, ‘முன்கூட்டியே எழுதித் தராவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும்’னு ஒரு வரி எறும்பு எழுத்துல ஒளிஞ்சிருக்கும். அதைப் படி. கெடுவுக்கு முன்னாலேயே எழுதிக் கொடு.

மூணாவது இடம். ‘இங்கிருந்து போனா போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது’ன்னு மிரட்டுவாங்க. தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாதுன்னு 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு சொல்லுது. அதுக்காகப் பழைய இடத்து ரகசியத்தைத் தூக்கிட்டுப் போகாதே. அது சட்டத்துக்கும் ஆகாது, தர்மத்துக்கும் ஆகாது.

அந்தப் பெண் என்ன செஞ்சா? ஒரு மாசம் முன்னாலேயே மரியாதையா கடிதம் கொடுத்தா. கடைசிப் பக்கம் வரைக்கும் முடிச்சா. பாக்கித் தொகையையும், பிடிச்ச வரிக்குச் சான்றிதழையும் கேட்டு வாங்கினா. சண்டை இல்லை, சாபம் இல்லை. இப்போ ரெண்டு இடத்துல வேலை. ராத்திரி போனை எடுக்கிறதில்லை. முதல் ரெண்டு மாசம் வீட்டுல நெருக்கடிதான். மறைக்கலை. ஆனா குழந்தைக்குப் பதில் கிடைச்சுது.

கல்யாணப் பந்தியில இலையை மூடறவரு சாப்பாட்டைக் குறை சொல்லலை. ‘நிறைஞ்சுது’ங்கறார். அதுவும் எப்படி மூடறார்? தன் பக்கமா மடிக்கிறார்; உறவு தொடரட்டும்னு அதுக்கு அர்த்தம். ஒப்பந்தத்தையும் அப்படி மடிக்கத் தெரிஞ்சவனைத்தான் நாளைக்கு மறுபடி அழைப்பாங்க.

நடுவர் மணியில கை வைக்கிறார். எனக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சுது. புதுப்பிக்கச் சொல்லி நான் கேட்கப் போறதில்லை. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)