கடல் கடந்த மாணவருக்கு ஒரு படுக்கை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை எடுத்துரைக்கப் புலவர் பலர் உளர். நாம் அதனினும் எளியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வெளிநாட்டிற்குப் படிக்கச் செல்லும் பிள்ளை முதல் நாள் இரவு எங்கே படுப்பான்? அதற்கு என்ன கொடுப்பான்? இவ்வளவே இன்றைய பேச்சு.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஓசூர்ச் சாலை வழியே இப்பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கு வந்து இறங்கிய அந்நாளில், நம்முள் பலர் கையில் ஒரு பெட்டியுடன்தான் நின்றோம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். அது நம்மிடம் ஏது? ஓர் அறையில் அறுவர் ஒண்டினோம். பகல் ஷிப்டுக்காரர் விட்டெழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுத்தார். அவ்வறையை நமக்குக் காட்டியவர் தரகர் அல்லர். நமக்கு ஆறு மாதம் முன்னே வந்த ஊர்க்காரர். இன்று நம் பிள்ளைகள் மூனிக்கிற்கும் மான்செஸ்டருக்கும் புறப்படுகின்றனர். அங்கே அவர்களுக்கு முன்னே சென்ற ஊர்க்காரர் யார்?

காந்தியடிகள் 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். முதலில் ஒரு பெரிய விடுதியில் இறங்கி, அதன் செலவைக் கண்டு திடுக்கிட்டார். பின்பு ஒரு குடும்பத்தோடு தங்கினார். அதனையும் விட்டுத் தனி அறைகளுக்கு மாறினார். கடைசியில் ஒரே அறையும் ஓர் அடுப்புமாகச் சுருங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். உணவுச் செலவு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கு மூன்று பென்ஸ் அளவில் நின்றது. வண்டிக்கூலியை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். இவையெல்லாம் அவரே தம் வரலாற்றில் எழுதியவை.

ஆனால் சிக்கனம் மட்டும் போதுவதில்லை. நம் மாணவரின் நிறத்தைக் கண்டே கதவை மூடிய வீட்டுக்காரிகள் அந்நகரில் பலர் இருந்தனர். கையில் பணம் வைத்திருந்தவனுக்கும் அறை கிடைக்கவில்லை. இதனைத் தீர்க்க முன்வந்தவர் யார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அவர் சேலத்துத் தமிழர். 1876இல் பிறந்த கே. டி. பால் என்பவர். ஒய்.எம்.சி.ஏ.வின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1920இல் இலண்டனில் இந்திய மாணவர் விடுதியை அவர் நிறுவினார். விடுதி முதலில் இருந்தது அரண்மனையில் அன்று; முதலாம் உலகப் போரின்போது நியூசிலாந்துப் போர்வீரர் தங்குவதற்காகக் கட்டிய கொட்டகையில். ஷேக்ஸ்பியர் கொட்டகை என்று அதற்குப் பெயர். பிறகு கவர் தெருவிற்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் எழுந்த கட்டடத்தில் இன்றும் நடைபெறுகிறது. பால் அவர்கள் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று திரும்பி, 1931இல் மறைந்தார். இவ்வூரில் நாம் தினமும் பேருந்திற்கு நிற்கும் சாலை நேரே அவர் பிறந்த ஊருக்குத்தான் போகிறது.

இனி இன்றைய நிலை. சென்ற ஆண்டு நம் காலனிக் குடும்பம் ஒன்றிற்கு நேர்ந்ததை, அவர்கள் இசைவு பெற்றே சொல்கிறோம். கைப்பேசியில் ஓர் அறையின் படம் வந்தது. பெரிய சன்னல், வெள்ளை மெத்தை, வாடகையோ பாதி. வீட்டுக்காரர் தாம் வேறு நாட்டில் இருப்பதாகவும், இரண்டு மாதப் பணத்தை அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதினார். தாயின் வளையல்கள் அடகுக்கடைக்குச் சென்றன. பிள்ளை விமானத்தில் இறங்கி, குளிரில் பெட்டியை இழுத்துக்கொண்டு அம்முகவரிக்குப் போனான். அங்கே இருந்தது ஒரு சலவைக்கடை. அவன் இன்று நன்றாகப் படிக்கிறான். வளையல்கள் இன்னும் மீளவில்லை.

காணாத அறைக்குப் பணம் அனுப்பாதீர் என்று சொல்வது எளிது. பின் எப்படித்தான் அறை பிடிப்பது? இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழக விடுதிக்கு எழுதிவிட வேண்டும், விசாவுக்காகக் காத்திருக்கலாகாது. ஜெர்மனியில் மாணவர் நலக் கழகங்கள் நடத்தும் விடுதிகளே பெரும்பாலும் மலிவானவை. ஆனால் அங்கே காத்திருப்போர் வரிசை பல மாதம் நீளும். அது கிட்டாவிடில், முதற் பத்து நாளுக்கு மட்டும் பலர் சேர்ந்து படுக்கும் பயணியர் விடுதியில் ஒரு கட்டிலை எடுத்துக்கொண்டு, நேரிற் சென்று அறை பார்க்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். பெண்களுக்கென்றே தனி அறை உள்ள விடுதிகள் பல உண்டு. முன்பதிவின்போதே கேட்டுக்கொண்டால் போதும்.

இத்தகைய விடுதிகளின் பிறப்பே சுவையானது. ரிச்சர்டு ஷிர்மன் என்னும் ஜெர்மானியப் பள்ளியாசிரியர் 1909 ஆகஸ்டில் மாணவரோடு நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் அகப்பட்டார். ஒரு பள்ளிக்கூட அறையில் வைக்கோலைப் பரப்பி அன்றிரவைக் கழித்தனர். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளெல்லாம் இவ்வாறு பயன்பட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணமே ஆல்டெனா நகரத்துப் பழங்கோட்டையில் இளைஞர் விடுதியாக உருப்பெற்று, பின் உலகெங்கும் பரவியது. வாத்தியார் மழையில் நனைந்ததால் விளைந்த நன்மை!

சட்டங்களையும் சிறிது அறிந்து செல்ல வேண்டும். ஜெர்மனி செல்லும் மாணவர், செலவுக்குப் பணம் உண்டு என்று காட்ட, 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் இட வேண்டியதாயிற்று. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, உணவு, காப்பீடு யாவும் அதற்குள். அந்நாட்டில் வாடகையைக் குளிர் வாடகை, சூட்டு வாடகை என்று இரண்டாகச் சொல்வர். குளிர் வாடகை என்றால் வெறும் அறைக்கு மட்டும். வெப்பமூட்டும் செலவு முதலியவை சேர்ந்ததே சூட்டு வாடகை. இதனை அறியாமல் குளிர் வாடகையைக் கண்டு மகிழ்ந்தவர் முதல் மாதமே கையைச் சுட்டுக்கொள்வர். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படலாகாது. அதனையும் மூன்று தவணையாகக் கட்டலாம். குடியேறிய இரண்டு வாரத்திற்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் சான்று தர வேண்டும். அச்சான்று தர மறுப்பவரின் அறை எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டிற்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. அத்தகைய வாடகை ஒப்பந்தங்களில் அப்பணத்தை முப்பது நாளுக்குள் அரசு ஒப்புக்கொண்ட காப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். பத்து மாதம் கேட்கும் நம் வீட்டுக்காரர்கள் இதனைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

இவையெல்லாம் ஏட்டில் உள்ள செய்திகள். ஏட்டில் இல்லாத ஒன்று வேண்டும். ஒரு மாலை நேரம் அத்தெருவிற்குப் போய், கதவைத் தட்டி, வீடு உண்டா என்று பார்த்துவரும் ஓர் ஆள். அச்சலவைக்கடைக்கு நாற்பது நிமிட இரயில் தொலைவில் நம் காலனிப் பெண்பிள்ளை ஒருத்தி அப்போது படித்துக்கொண்டிருந்தாள். இரு குடும்பங்களும் இதே சங்கத்தின் உறுப்பினர். ஒருவர் பிள்ளை அங்கிருப்பது மற்றவருக்குத் தெரியாது. பால் அவர்கள் கடல் கடந்து ஒரு விடுதியையே நிறுவினார். நம்மால் ஒரு குறிப்பேடு வைக்க முடியவில்லை என்பது நமக்கு வெட்கமாக இருந்தது.

ஆதலால் சங்க நூலகத்தில் இம்மாதம் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கியுள்ளோம். எந்நாடு, எந்நகர், எக்கல்லூரி, வந்து இறங்குவோரை இரண்டு இரவு தங்கவைக்க இயலுமா, அறையைப் பார்த்துச் சொல்ல இயலுமா என ஐந்தே கட்டங்கள். அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. உறுப்பினர் கேட்டாலன்றி எவருக்கும் அதனைக் காட்டமாட்டார். இதுவரை ஒன்பது பிள்ளைகள் தம் இசைவைத் தெரிவித்துள்ளனர். அவர்களுள் முதலாவதாகத் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னவன், சலவைக்கடை வாசலில் நின்ற அப்பிள்ளையே.

விழா முடிந்து சாப்பாட்டிற்குச் செல்லும் வழியில், வாயில் மேசைமீது அக்குறிப்பேடு இருக்கும். பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பியுள்ள பெற்றோர் அவர்களைக் கேட்டு எழுதிவிட்டுச் செல்ல வேண்டுகிறோம். நேர வேறுபாட்டால் இப்போது அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தால், அடுத்த ஞாயிறன்று எழுதினாலும் குற்றமில்லை.