148-ஆவது மணி

ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்றதும் உறவுக்காரர்கள் தாழ்ந்த குரலில் கேட்பது ஒன்றுதான்: "குடிப்பாரோ?" சாராய வாடையே அறியாத பெண்மணியாக இருந்தாலும் இந்தக் கேள்வி தப்பாது. நோயைவிட இந்தப் பேச்சு அதிகம் வலிக்கும்.

குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது புற்றுநோய் வரை போகலாம். ஒரே மாதிரி சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறதே, ஏன்? அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து மக்களிடம் ஆராய்ச்சியாளர்கள் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் ஆராய்ந்து, 2008-இல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு. அது உண்டாக்கும் புரதத்தை 481 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அதில் 148-ஆவது மணி மட்டும் வேறு. ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற வேறொன்று.

வேலை முடிந்ததும் சிதைந்துபோக வேண்டிய அந்தப் புரதம், இந்த ஒரு மாற்றத்தால் சிதையாமல் கொழுப்புத் துளியின்மேல் அப்பிக்கொள்கிறது. கொழுப்பைக் கரைக்க வரும் நொதியின் வேலையும் கெடுகிறது. தாய், தந்தை இருவர் வழியிலும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தேங்கிய கொழுப்பு சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, 'சிரோசிஸ்' வரை போகிறது. புற்றுநோய் பெரும்பாலும் அந்தத் தழும்பேறிய கல்லீரலில்தான் முளைக்கிறது.

காக்கிற மரபணு மாற்றமும் உண்டு. ஹெச்எஸ்டி17பி13 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் நோய் முற்றுவது குறைவு என்று 2018-இல் தெரிய வந்தது.

அதற்காக, "எல்லாம் பிறவியிலேயே எழுதியாச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 148-ஆவது மணி மாறியவர்களில் பலருக்கு ஒன்றுமே வருவதில்லை. உடல் பருமனோ மதுவோ சேரும்போது அதன் கெடுதல் பெருகுகிறது. எடை குறைந்தால் இவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு கரைகிறது. மரபணு ஒருபுறம் இருக்க, உலகில் கல்லீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணமான ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசியே இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது.

வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி இருந்தால், மடித்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்திருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.