தக்காளிக்குக் காவல் செண்டுப்பூ



இன்றைய பேச்சு செண்டுப்பூவைப் பற்றியது. தமிழில் செண்டுமல்லி என்கிறோம். கேந்திப்பூ என்றும் சொல்வது உண்டு. கன்னடத்தில் செண்டு ஹூவு. தெலுங்கில் பந்திப்பூ. மராத்தியில் ஜெண்டு. இந்தியில் கேந்தா. பேர் எதுவானாலும் பூ ஒன்றுதான். கல்யாணப் பந்தலிலும் இது தொங்கும். ஆயுத பூஜையில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் தொங்கும்.

இவ்வளவு பழக்கமான பூ நம் நாட்டில் பிறந்தது அல்ல. இதன் தாய்நாடு மெக்சிகோ. கடல் தாண்டி வந்தது. தக்காளியும் அப்படி வந்ததுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த இரண்டும் நம் கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நமக்கு ஒரு லாபம் உண்டு. அதைத்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறோம்.

வீட்டுக் கொல்லையில் தக்காளி போட்டவர்களுக்கு ஒரு புழுவைத் தெரியும். காய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை இருக்கும். புழு தலையைக் காய்க்குள் விட்டுக்கொண்டு, பாதி உடம்பை வெளியே வைத்துத் தின்னும். ஒரு காயோடு நிற்காது. அடுத்த காய்க்குப் போகும். ஒரே புழு பல காயைக் கெடுத்துவிடும். இதுதான் காய்ப்புழு. துவரையிலும் கொண்டைக்கடலையிலும் பருத்தியிலும் வருவது இதே புழுதான்.

புழுவைக் கண்டதும் பலர் கடைக்குப் போய் மருந்து வாங்குகிறார்கள். மருந்து என்று பெயர். உள்ளே இருப்பது விஷம். வயலில் அடித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் யார் காத்திருக்கிறார்கள்? காலையில் அடிக்கிறோம். மாலையில் குழந்தை ஒரு பழத்தைப் பறித்து அப்படியே கடிக்கிறது. முன்பு இந்தப் புழுவுக்கு எண்டோசல்பான் என்ற மருந்தை அடிப்பார்கள். அதனால் வந்த கேடுகளைப் பார்த்து, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதுவரை எத்தனையோ பேர் வீட்டுக் காய்கறியிலும் அதை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விஷத்துக்கு இந்தப் புழு பழகியும் விடும். 1987-ல் ஆந்திராவின் பருத்தி வயல்களில் திரும்பத் திரும்ப மருந்து அடித்தார்கள். புழு சாகவில்லை. கடன்தான் ஏறியது.

இங்கேதான் செண்டுப்பூ உதவிக்கு வருகிறது. காய்ப்புழுவின் தாய் ஒரு அந்துப்பூச்சி. இரவில் பறந்து வந்து முட்டை இடும். பூத்து நிற்கும் செண்டுச் செடியைக் கண்டால், தக்காளியை விட அதில்தான் விரும்பி இடும். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1994-ல் ஆய்வு வெளியானது. வயலில் 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டு நட வேண்டும் என்பது அதிலிருந்து வந்த யோசனை.

வீட்டுக் கொல்லையில் 16 வரிசைக்கு இடம் ஏது? 10 அடிக்கு 10 அடி பாத்தி என்றால், ஓரங்களில் ஐந்தாறு செண்டுச் செடி வைத்தால் போதும். "பூச்செடிக்கு ஏன் இடத்தை வீணாக்க வேண்டும்? அங்கேயும் நாலு தக்காளி வைக்கலாமே" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த நாலு செடியின் காயும் புழுவுக்குத்தான் போகும் என்று பதில் சொல்லலாம்.

ஆனால் சும்மா நட்டால் பலன் இல்லை. நாள் கணக்கு முக்கியம். பலர் தவறுவது இங்கேதான். தக்காளி பூக்கும்போது செண்டும் பூத்திருக்க வேண்டும். செண்டு பூக்காமல் வெறும் இலையோடு நின்றால், பூச்சி நேராகத் தக்காளிக்குப் போய்விடும். இரண்டு விதையையும் ஒரே நாளில் போட்டால் செண்டு பிந்திவிடும். ஆகவே செண்டை முந்திப் போட வேண்டும். நடும் நாளில் செண்டு நாற்றுக்கு வயது 40 நாள். தக்காளி நாற்றுக்கு வயது 25 நாள். 15 நாள் வித்தியாசம்.

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1-ல் செண்டு விதை போடுகிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கட்டத்தில் 'செண்டு' என்று எழுதுங்கள். ஜூன் 16-ல் 'தக்காளி' என்று எழுதுங்கள். ஜூலை 11-ல் 'இரண்டும் நடவு' என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கைக்கு இது இரண்டு நிமிட வேலை. மனசில் வைத்துக்கொண்டால் மறந்துபோகும்.

செண்டில் உயரமாக வளர்வதும் உண்டு, குட்டையும் உண்டு. காய்ப்புழுவுக்கு உயரச் செண்டுதான் வேண்டும். இடுப்பளவு வரும். பெரிய மஞ்சள் பூவோ ஆரஞ்சுப் பூவோ பூக்கும். விதை கறுப்பாக, ஊசி போல நீளமாக இருக்கும். ஒரு முனையில் வெளுத்த வால் இருக்கும். பழைய தொட்டியிலோ மேட்டுப் பாத்தியிலோ தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நடும்போது செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். வெயில் நன்றாக விழ வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் தழைக்கும், பூ குறையும்.

பூ விற்பவர்கள் செண்டுச் செடியின் நுனியைக் கிள்ளி விடுவார்கள். கிளை அதிகமாகும். பூவும் அதிகமாகும். ஆனால் பூப்பது சில நாள் தள்ளிப்போகும். காவலுக்கு வைத்த செடியைக் கிள்ளாதீர்கள். பூவுக்காகவே வேறு இடத்தில் வைத்த செடியைத் தாராளமாகக் கிள்ளலாம்.

பூத்த பிறகுதான் வேலை. செண்டு புழுவைக் கொல்லாது. தன்னிடம் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அழகாக இருக்கிறது என்று பூவை அப்படியே விட்டுவிட்டால் உள்ளே புழு வளர்ந்து, அங்கிருந்தே தக்காளிக்கு நடந்து போகும். தினமும் காலையில் மொட்டையும் பூவையும் பிரித்துப் பாருங்கள். புழு இருந்தால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரிந்த பூவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்துச் சாமிக்கு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிக்காதீர்கள். செடியில் எப்போதும் சில பூ இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த தக்காளிக் காயையும் கிள்ளி எறியாமல், குழி தோண்டிப் புதையுங்கள்.

பாத்தி நடுவில் ஒரு குச்சி நட்டு, குறுக்கே இன்னொரு குச்சி கட்டி வையுங்கள். ரெட்டைவால் குருவி வந்து உட்காரும். அதுவும் தன் பங்குக்குப் புழுவைப் பொறுக்கும். அப்படியும் புழு தெரிந்தால் வேப்பங்கொட்டை இருக்கிறது. 50 கிராம் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊற வையுங்கள். துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். கசப்புதான், வேறு பயம் இல்லை. பழத்தைக் கழுவித் தின்னலாம்.

குட்டைச் செண்டுக்கு வேறு வேலை இருக்கிறது. சில கொல்லைகளில் தக்காளி, கத்தரி பகலில் வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை அது. குட்டைச் செண்டின் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஒன்றிரண்டு நட்டு அதிசயம் நடக்கும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, மண்ணிலேயே வெட்டிப் புதைத்துவிட்டு அடுத்த பயிர் போட வேண்டும்.

கடைசியாக விதை. கடையில் ஒட்டு ரகம் என்று விலை அதிகமான பாக்கெட் விற்கும். அதில் வந்த பூவின் விதையைப் போட்டால், அடுத்த முறை பூ ஒரே மாதிரி வராது. சாதாரண ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை. டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பூசா நாரங்கி ஆரஞ்சு நிறம், பூசா பசந்தி மஞ்சள் நிறம். இவற்றில் வீட்டிலேயே விதை எடுக்கலாம். நல்ல செடியில் பெரிய பூ இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். செடியிலேயே காய்ந்து பழுப்பு நிறம் ஆனதும் கிள்ளி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிரித்துக் காகிதத்தில் மடித்து, மேலே பூவின் நிறத்தையும் தேதியையும் எழுதி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். ஒரு பூவின் விதையே ஒரு கொல்லைக்குப் போதும். இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு.