விலையும் சுவையும்

பதுளைக் கடைத்தெருவில் தேயிலை விற்கும் கடையொன்றின் முன்னே நிற்பவர் இருவகைப் பொதிகளைக் காண்பார். ஒன்று, சாதாரணக் கடதாசிப் பையில் கட்டிய தூள். மற்றொன்று, வண்ணத் தகரப் பேணியில் அடைத்து, மலையின் படமும் தோட்டத்தின் பெயரும் பொறித்த தேயிலை. எடை இரண்டுக்கும் ஒன்றே. விலையோ பன்மடங்கு வேறுபடும். இந்த வேறுபாடு கோப்பைக்குள்ளே இருக்கின்றதா, பேணியின் மேலே இருக்கின்றதா என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இவ்வினா தேயிலைக்கு மட்டும் உரியதன்று. மேல்நாடுகளில் திராட்சை மதுவைப் பற்றியும் பியரைப் பற்றியும் இதே வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. அங்கே அதனைச் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பியர் அருந்துவோருக்குப் பெயர்ச்சீட்டு அகற்றிய போத்தல்கள் கொடுக்கப்பட்டன. தாம் வழக்கமாக விரும்பி அருந்தும் பியரையே அவர்களால் பொதுவாகப் பிரித்தறிய முடியவில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்தபோதோ, தத்தம் பியரையே உயர்ந்ததெனப் புகழ்ந்தனர். 1976 ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில், பிரான்சு நாட்டு வல்லுநர்கள் பெயர் அறியாமலே மதுவைச் சுவைத்து மதிப்பிட்டபோது, அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிராத கலிபோர்னியா மதுக்களே வெண்மதுவிலும் செம்மதுவிலும் முதலிடம் பெற்றன. பழம்பெருமை வாய்ந்த பிரான்சின் போத்தல்கள் பின்னின்றன.

2008 ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. ஒன்றில், ஒரே மதுவை இருமுறை கொடுத்து, ஒருமுறை அதன் விலை 10 டொலர் என்றும், மறுமுறை 90 டொலர் என்றும் கூறினர். 90 டொலர் என்று கேட்டபோது அருந்தியவர்கள் கூடுதல் இன்பம் அடைந்ததாகச் சொன்னதோடு, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியதைக் கருவி காட்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை; விலையே சுவையாக மாறிவிட்டது. மற்ற ஆய்வு, விலை அறியாமல் சுவைத்த 6000 க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்து நோக்கியது. பயிற்சி இல்லாத பொதுமக்கள் விலையுயர்ந்த மதுவைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர். பயிற்சி பெற்றோரிடமோ விலையோடு விருப்பமும் ஓரளவு உயரும் போக்குக் காணப்பட்டது.

இதிலிருந்து, விலையுயர்ந்தவை யாவும் ஏமாற்றே என்று முடிவு கட்டுவது பொருந்தாது. நா பழகியவனுக்குப் புலப்படும் ஒரு வேறுபாடு அங்கே இருக்கக்கூடும். பழகாதவன் அதற்குக் கொடுக்கும் பணம் பெயருக்குக் கொடுக்கும் பணமாகவே முடிகின்றது. இலங்கையில் மதுபானங்களின் விலையிலோ மற்றொரு பங்கும் உண்டு. இங்கு ஒரு போத்தலின் விலையில் பெரும்பகுதி அரசாங்க வரியேயாகும். வரி உயர்ந்தால் விலை உயரும், சுவை உயராது. ஆகவே விலையைச் சுவையின் அளவுகோலாகக் கொள்வோர் அடிக்கடி பிழைபடுவர்.

இனி ஊவா மலைக்கு வருவோம். திராட்சை மதுவைப் போலவே, மண்ணும் காற்றும் பருவமும் சேர்ந்து சுவையைத் தீர்மானிக்கும் பானம் ஒன்று இம்மாகாணத்தில் விளைகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையைப் பொழிந்துவிட்டு, மலைமுகடுகளைக் கடந்து கீழ்த்திசையில் இறங்குகின்றது. அவ்வாறு இறங்கும்போது அது வறண்ட காற்றாக மாறிவிடும். கச்சான் காற்று என்று மக்கள் வழங்குவது இதனையே. அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை முதலிய இடங்களில் தேயிலைச் செடி இக்காற்றில் வாடித் தளிர்ப்பதைக் குறைத்துக் கொள்ளும். கொழுந்து சிறுக்கும், அதன் சாறு செறிவடையும். அப்போது பக்குவமாக வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூடேற்றி எடுக்கும் தேயிலையில் குளிர்ச்சியான, மூக்கைத் துளைக்கும் ஒரு நறுமணம் எழும். வலிநிவாரணத் தைலங்களில் மணக்கும் மெதைல் சலிசிலேட் என்னும் பொருளே அம்மணத்தின் முதன்மையான கூறு என்று வேதியியலார் கண்டறிந்துள்ளனர். எனவே ஊவாவின் பருவத் தேயிலை தனிச்சுவை உடையது என்பது விளம்பரச் சொல் அன்று. அளந்து காட்டத்தக்க உண்மை.

அச்சுவையை மதிப்பிடும் முறையும் கண்டிப்பானது. உலகத் தர நிர்ணய முறைப்படி, 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, 6 நிமிடம் ஊறவைத்து வடிப்பர். சுவைஞர் அதனைக் காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, நாவிலும் மூக்கிலும் உணர்ந்து, பின் உமிழ்ந்துவிடுவார். 1883 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஆம் ஆண்டில் இணையவழிக்கு மாறிய பின்னரும், இச்சுவைஞரின் நாவை நம்பியே நடைபெறுகின்றது. ஏலத்தில் கொடுக்கும் விலை பெரும்பாலும் நாவின் விலை. கடையில் கொடுக்கும் விலையிலோ கலப்பு, பொதி, வண்ணம், விளம்பரம் என்பன சேர்ந்து, கண்ணின் விலையும் கூடிவிடுகின்றது.

வாங்குவோர் அறிந்துகொள்ள வேண்டிய சில குறிப்புகள் உள. ஓரஞ்ச் பீக்கோ, பிறோக்கன் ஓரஞ்ச் பீக்கோ, டஸ்ற் என்னும் பெயர்கள் தோடம்பழச் சுவையைக் குறிப்பன அல்ல. இலைத்துண்டின் பருமனையும் தோற்றத்தையும் குறிப்பன. பெரிய இலை என்பதனாலேயே சிறந்த இலை ஆகிவிடாது. பொதியின் மேலுள்ள சிங்க இலச்சினை, அது கலப்பற்ற இலங்கைத் தேயிலை என்பதையும், இலங்கையிலேயே பொதியிடப்பட்டது என்பதையும் உறுதிப்படுத்தும். எப்பருவத்தில் கொய்யப்பட்டது என்பதை அது கூறாது. மேலும், பாலும் சீனியும் நிறையச் சேர்த்து அருந்துவோருக்குப் பருவத் தேயிலையின் மெல்லிய மணம் பெரும்பாலும் புலப்படாது. அவர்களுக்குச் சாயமும் கடுப்பும் நிறைந்த மலிவான தூளே ஏற்றது. அதில் இழிவு எதுவும் இல்லை.

ஐயமுடையோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூன்று கோப்பைகளை எடுத்து, இரண்டில் ஒரே தேயிலையையும், மூன்றாவதில் வேறு தேயிலையையும் இன்னொருவர் ஊற்றித் தரவேண்டும். எது வேறு என்று, பெயர் அறியாமல், பலமுறை சரியாகச் சொல்ல முடியுமாயின், உயர்ந்த விலை அவருக்குத் தகும். சொல்ல முடியாதாயின், பேணியை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொண்டு, பையிலுள்ள தூளை வாங்குவதே அறிவுடைமை.

ஆயினும் நாவின் கணக்கோடு இவ்வினா முடிந்துவிடுவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்கையும் பார்க்கவேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஒருத்தி நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால், அது 4 கிலோ தேயிலை. கோப்பைக்கு 2 கிராம் வீதம் 2000 கோப்பைத் தேநீர். 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதன்படி ஒரு கோப்பையில் அவள் கைக்குச் சேர்ந்தது ஒரு ரூபாவுக்கும் குறைவு. ஏறத்தாழ 68 சதம். சம்பளம் 2000 ரூபாவாக உயர்ந்தாலும், கோப்பைக்கு ஒரு ரூபாவே ஆகும். தொழிற்சாலை, எரிபொருள், உரம், போக்குவரத்து என்னும் செலவுகள் உண்மையே. எனினும் தேநீர் விடுதியில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் தொகையோடு இந்தச் சதங்களை ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

இதிலும் வருந்தத்தக்க ஒன்று உண்டு. கச்சான் வீசி மணம் ஏறும் காலமே கொழுந்து குறையும் காலம். மலை ஏறி இறங்கி நாள் முழுவதும் பறித்தாலும் கூடை நிறையாது. குறித்த நிறை எட்டாதவர்களுக்குப் பல தோட்டங்களில் முழுப்பேர் கிடைப்பதில்லை; அரைப்பேரே விழும். ஏலத்தில் ஊவாத் தேயிலை உச்ச விலை காணும் அதே வாரங்களில், அதனைக் கொய்தவளின் சம்பளச் சீட்டில் அரைப்பேர்கள் கூடுகின்றன. லயத்துக்குத் திரும்பியதும் அவள் அருந்துவது, தோட்டத்தில் கொடுத்த தூளில் ஊற்றிய வெறுந் தேநீர். அந்தப் பருவத்தின் நறுமணம் அவள் விரல்களிலே இருக்கும், கோப்பையிலே இராது.

ஆகவே, விலையுயர்ந்த பானம் அவ்விலைக்குத் தகுமா என்று கேட்போருக்கு விடை இதுவாகும். சுவையறிந்து அருந்துவோருக்கு ஊவாவின் பருவத் தேயிலை, தகரத்துக்கும் படத்துக்கும் கொடுக்கும் பங்கு நீங்கலாக, விலை தகும் பொருளே. பருவகால உயர்விலையில் ஒரு பங்கு அப்பருவத்தில் மலையேறியவளையும் சேருமாயின், கொழுந்து குறைந்த நாட்களுக்கும் முழுப்பேர் எழுதப்படுமாயின், அவ்விலையை மனநிறைவோடு கொடுக்கலாம். அதுவரை, அக்கோப்பையை அருந்துவோர் மணத்தை நுகரும்போது அரைப்பேரையும் ஒருகணம் எண்ணுவாராக.