நாய் வைத்தியமும் நோட்டுப் புத்தகமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'இன்ஜினியருக்கு நாய் வைத்தியத்தில் என்னய்யா வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மெஷின் ஓடும் இடத்தில் லாக் புக் இருக்கும். எந்தப் பாகம் என்றைக்குச் சூடேறியது, எப்போது மாற்றினோம் என்று எழுதி வைப்போம். ஒரு வரியைப் படித்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று புரிந்துவிடும். கால்நடை மருத்துவமனைப் பதிவேடும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 'சாவ்ஸ்நெட்' என்றொரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பல ஊர் நாய், பூனை மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகள் கம்ப்யூட்டர் வழியாக ஓரிடத்தில் சேருகின்றன. 2020 ஜனவரியில் ஒரு டாக்டர், 'வழக்கத்தைவிட அதிக நாய்கள் வாந்தியோடு வருகின்றனவே' என்று அவர்களிடம் சொன்னார். குறிப்புகளைப் புரட்டினால் மற்ற ஊர்களிலும் அதே கதை! சாம்பிள் எடுத்துச் சோதித்தபோது நாய்க் குடலைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் மீது சந்தேகம் விழுந்தது. (மனிதருக்கு வந்த கோவிட் வேறு, இது வேறு.)

நம் நிலக்கோட்டைப் பக்கத்துக்கு வருவோம். குட்டி நாய் வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் செத்துப்போகிறது. பெரும்பாலும் 'பார்வோ' வைரஸ் வேலையாக இருக்கும். 1978 வாக்கில் தலைகாட்டி, ஓரிரு வருடத்தில் உலகம் சுற்றிய நோய் அது. தடுப்பூசி உண்டு. எந்தக் கிராமத்தில், எந்த மாதம், எந்த வயதுக் குட்டிக்கு வந்தது என்று எழுதியிருந்தால், அடுத்த வருடம் ஊசியோடு முந்திக்கொள்ளலாம்.

ஆனால் பதிவேட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒருவர் 'கழிச்சல்' என்று எழுதுவார், இன்னொருவர் 'வயிற்றுப்போக்கு' என்பார். எண்ணும்போது இரண்டு நோயாகிவிடும். வீட்டு லாப்ரடார் ஆஸ்பத்திரிக்கு வரும். தோட்டத்துச் சிப்பிப்பாறை வராது. அதனால் பதிவேட்டில் இல்லை என்றால் ஊரிலேயே நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நூறு நாயில் எத்தனைக்கு நோய் என்று சொல்ல, ஊரில் மொத்தம் எத்தனை நாய் என்ற கணக்கும் வேண்டுமே!

வெறிநோய்க்கு இது உயிர்ப் பிரச்சினை. அறிகுறி வந்த பின் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான். நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 70 எந்தத் தெருவில் குறைகிறது என்று பதிவேடுதானே காட்டணும்?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் அனுமதி கேட்டு, பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுங்கள். தேதி, ஊர், வயது, இனம், அறிகுறி, தடுப்பூசி போதும். வளர்ப்பவர் பெயரும் போன் நம்பரும் வேண்டவே வேண்டாம். பெரிய செலவில்லை, பொறுமைதான் வேண்டும். சங்கத்து நண்பர்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தர மாட்டார்களா என்ன?