ஆட்டுக்குடலில் ஒரு நீல வலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வந்து படித்தவன் நான். 1994-ல் ஆராய்ச்சி மாணவன். விடியற்காலையில் காந்தி மார்க்கெட் பக்கம் கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் லேபுக்குக் கொண்டுபோவேன். லேப் பூட்டியிருந்த ஒருநாள் ஃபிளாஸ்க் வீட்டுக்கே வந்துவிட்டது. "என்னடா அதுல?" என்றாள் அம்மா. "நொதி, அம்மா" என்றேன். பொய் இல்லையே!

நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்பது அந்த நொதி. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு பக்கத்துத் தசையிடம் போய், "கொஞ்சம் தளர்ந்துகொள்" என்று சொல்லும். (இந்த வாயு ரத்தக்குழாயில் தூது போவதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-ல் நோபல் பரிசு.) நரம்பில் ஒரு வகை, ரத்தக்குழாயின் உள்தோலில் ஒன்று, எதிர்ப்புச் செல்களில் ஒன்று என்று நொதி மூன்று வகை. திசுவை அரைத்து அளந்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எந்தச் செல்லுடையது என்று தெரியாது. மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றித்தான் பார்க்கணும்.

என்.ஏ.டி.பி.எச்.-உடன் நைட்ரோ புளூ டெட்ரசோலியம் சேர்த்தால் நொதி உள்ள இடம் நீலமாகும். 1960-களிலேயே இருந்த சாயம். நரம்புச் செல்லில் அது காட்டுவது இந்த நொதியைத்தான் என்று தெரிந்தது 1991-ல்.

என் முதல் ஸ்லைடில் தசை, சுரப்பி எல்லாமே நீலம்! ஆறு மாதம் அப்படியே பார்த்து, 'குடல் முழுவதும் உள்ளது' என்று அத்தியாயமே எழுதிவிட்டேன். சார் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஃபார்மலின்ல எவ்வளவு நேரம்ப்பா போட்டே?"

அவசரத்தில் சரியாகப் போடவே இல்லை. வேறு பல நொதிகளும் இதே நீலத்தைத் தரும். ஃபார்மலின் அவற்றை அடக்கிவிடும், நம் நொதி மட்டும் தாக்குப்பிடிக்கும். அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி செய்தேன். இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்புச் செல்கள் மட்டும் வலை போல நீலமாக நின்றன. என்.ஏ.டி.பி.எச். விடாத ஸ்லைடில் நிறமே இல்லை.

இதில் என்ன பெரிசு என்கிறீர்களா? குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி வாந்தியெடுக்கும் பச்சைக் குழந்தைகள் உண்டு. இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கும். 1992-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அந்தத் தசையில் இதே சாயத்தை ஏற்றினார்கள். வட்டத்தசைக்குள் ஓடும் நரம்பிழைகளில் நீலம் இல்லை. தளரச் சொல்ல ஆளில்லை! 1993-ல் இந்த நரம்பு நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கும் இரைப்பை வீங்கியது. என்னைப்போல எல்லாவற்றையும் நீலமாக்கியிருந்தால் அந்த 'இல்லை' யார் கண்ணில் பட்டிருக்கும்?

தப்பான அந்த ஸ்லைடையும் சரியானதையும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு விலங்கியல் துறைக்கு வாங்க, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம்.